படிவத்தில் நாற்பத்தெட்டு

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அங்கிள், இப்ப நம்ம ஆளுங்க நிறைய பேர் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் போக ஆரம்பிச்சிட்டாங்க. என்ன ஸ்கீ வாங்கணும், என்ன பூட் வாங்கணும்னு சிம்பிளா எழுதிக் குடுங்க. உங்கள விட்டா நம்ம கம்யூனிட்டில இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் பெண். அதுவும் சரிதான். கலிஃபோர்னியா பே ஏரியாவில் கம்ப்யூட்டரைத் தொடாமல் சம்பாதித்த தமிழர்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஸ்கீ கடையில் திருப்புளி பிடித்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு பக்கம் என்று உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது. போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கடைக்குப் போயிருந்தேன். படிவங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் லைசென்ஸைக் காட்டினால் பெயர், உயரம், வயது எல்லாம் தானாக விழுந்துவிடுகிறதாம். "யாரையும் எதுவும் கேக்கவே வேணாம்" என்று பெருமையாகக் காட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் விருதுநகர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா. இங்கே மில்பிடாஸில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சான் ஹோசேயில் ஒரு மலையேற்றச் சாமான் கடையில் ரிப்பேர் பெஞ்சுக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்தேன், இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சொந்தக்காரர்கள் "செருப்புக் கடையில இருக்கார்" என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. பாதி நாள் அடுத்தவர் காலைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். பேக்கன்ட்ரி என்றால் பனிச்சறுக்குதான், ஆனால் மேலே ஏற்றிவிட லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் தூக்கித் தூக்கி, சொந்தக் காலால் மலை ஏற வேண்டும். உச்சியில் பட்டையைக் கழற்றிவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஆகவே எடை முக்கியம். எல்லோரும் முதலில் ஸ்கீயைத்தான் பார்ப்பார்கள், கலர் கலராக இருக்கும் என்பதால். அது தப்பு. முதலில் பூட், அப்புறம் பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், கடைசியில்தான் ஸ்கீ.

பூட்டின் உள்ளே இருக்கும் மெத்தையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்னால் தொட்டுக்கொண்டிருக்கும்போது, குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை விரல் போகிற இடம் இருந்தால் அதுதான் உங்கள் அளவு. நம்மவர்கள் இங்கேதான் என் உயிரை வாங்குவார்கள். "ஒரு சைஸ் பெருசா குடுங்க அங்கிள், ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன், பின்னாடி மச்சானும் போட்டுக்குவான்." பூட் என்ன கல்யாண வேட்டியா, ஆளுக்கு ஆள் கட்டிக்கொள்ள? பெரிய பூட்டுக்குள் கால் ஆடும். ஆடுகிற கால் பனிச்சரிவில் திரும்பாது. ஸ்கீ உங்கள் நெற்றி உயரத்துக்கு மேல் வேண்டாம், மிக அகலமாகவும் வேண்டாம். இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளம்பரம்.

பைண்டிங்தான் விஷயம். அது இரண்டு வேலை செய்ய வேண்டும். இறங்கும்போது பூட்டை விடாமல் பிடிக்க வேண்டும். நீங்கள் விழுந்து கால் முறுக்கினால், எலும்பு உடைவதற்கு முன்னால் பூட்டை விட்டுவிட வேண்டும். எவ்வளவு முறுக்கினால் விடுவது என்பதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் திருப்புளியால் வைப்பதுதான் என் வேலை.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராய். பெஞ்சுக்குத் தலைவர். அதற்கு முன் விமானப் பழுது பார்ப்பவராக இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. வாடிக்கையாளர் எடையை வாயால் சொன்னால் ஏற்க மாட்டார். தராசில் ஏறச் சொல்வார். உயரத்தைச் சுவரில் ஒட்டிய அளவு நாடாவில் பார்ப்பார். பூட்டின் அடி நீளத்தைக் குதிகால் ஓரத்தில் பொறித்திருப்பதிலிருந்து தானே படிப்பார். எப்படிச் சறுக்குவீர்கள், நிதானமாகவா வேகமாகவா என்பதை அவர்களையே எழுதச் சொல்வார். கடைசியில் வயது. ஐம்பது ஆகிவிட்டால் அட்டவணையில் ஒரு வரி மேலே ஏற வேண்டும். அப்போது எண் ஒரு படி குறையும், பைண்டிங் கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிடும். வயதான எலும்புக்கு அந்தச் சலுகை உண்டு.

எல்லாம் எழுதி முடித்ததும் ஒருவர் படிவத்தை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ரீட் இட் பேக்" என்பார் ராய். எனக்கு ஆரம்பத்தில் இது வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் நான் பூட் நீளத்தில் ஒரு இலக்கத்தை மாற்றிப் படித்து, ராய் திரும்பச் சொல்லும்போது அது பிடிபட்டது. அன்றிலிருந்து சிரிக்கவில்லை.

மகேந்திரன் கடைக்கு வந்தபோது நான் அந்தப் பெஞ்சில் பதினைந்து வருடம் கழித்திருந்தேன். மதுரைக்காரர். ஹார்டுவேர் இன்ஜினியர். மாரத்தான் ஓடுகிறவர், கட்டுமஸ்தான ஆள். நான் விருதுநகர் என்று தெரிந்ததும் "அண்ணே" என்று ஆரம்பித்துவிட்டார். பூட்டுக்கு மட்டும் மூன்று சனிக்கிழமை வந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டார், ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கவில்லை. பூட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தார். இடது கணுக்கால் உரசியது. பூட்டின் வெளி ஓட்டைச் சூடாக்கி அந்த இடத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கொடுத்தேன். "ஆஹா, தங்கச்சி கையால ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்குண்ணே" என்றார். இப்படி ஒரு வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம்.

நான்காவது முறை பைண்டிங்கைப் பொருத்த வந்தார். தராசில் ஏறினார், சுவரோரம் நின்றார், படிவத்தை நிரப்பினார். பிறந்த தேதி என்ற இடத்தில் ஜூன் ஒன்று என்று எழுதியிருந்தார்.

"ஜூன் ஒண்ணா? ஹெட்மாஸ்டர் வச்ச பர்த்டேயா தம்பி?" என்று கேட்டேன். எனக்கும் ஜூன் ஒன்றுதான். நம்மில் பாதிப் பேருக்கு அதுதானே. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் ஊரே பிறந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கப்பா வச்சதுண்ணே. நான் பொறந்தது ஐப்பசில. அதுவும் மூணு வருஷத்தை முழுங்கிட்டாரு. தாலுகா ஆபீஸ் கிளார்க்கு பாருங்க, பையன் கவர்மென்ட் வேலைக்குப் போனா மூணு வருஷம் சர்வீஸ் கூடக் கெடைக்குமேன்னு."

"கெடைச்சுதா?"

"எங்க? கவர்மென்ட் வாசலையே மிதிக்கல. சன்னிவேல்ல வந்து உக்காந்திருக்கேன்."

"எனக்கு நேர் எதிர். ஒரு வருஷம் கூட்டிப் போட்டு ஒண்ணாங்கிளாஸ்ல தள்ளிட்டாங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் படிவத்தைப் பெஞ்சுக்கு எடுத்துப் போனேன். பிறந்த தேதியைக் கழித்துப் பார்த்து, வயது என்ற கட்டத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

இதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் வாயால் சொல்லிவிட்டார். மூன்று வருடம் என்ற எண்ணையும் சொல்லிவிட்டார். நாற்பத்தெட்டும் மூன்றும் ஐம்பத்தொன்று, இந்தக் கூட்டலுக்கு டிப்ளமா வேண்டாம். ஆனால் எங்கள் இருவருக்குமே அது வயது அல்ல, ஒரு கதை. விசா, பாஸ்போர்ட், கிரீன் கார்டு, லைசென்ஸ் என்று இந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் காகிதத்தில் இருக்கும் வயதையே சொல்லிச் சொல்லி, அம்மா சொன்ன வயது எங்கேயோ பின்னால் போய்விட்டது. படிவம் என்று ஒன்று கையில் வந்தால் எங்களுக்கு உண்மை எழுதக் கை வருவதில்லை. சான்றிதழில் உள்ளதைத்தான் எழுத வரும்.

பிறகு உரக்கப் படித்தேன். எடை, உயரம், பூட் நீளம், நிதானம். "வயது நாற்பத்தெட்டு." ராய் முதுகைக் காட்டிக்கொண்டு "நாற்பத்தெட்டு" என்றார். பிறகு திரும்பி மகேந்திரனைப் பார்த்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். மகேந்திரன் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். நான் துளையிட்டு, பசை வைத்து, திருகி, எண்ணை வைத்து, எந்திரத்தில் முறுக்கிச் சோதித்தேன். அட்டவணை சொன்ன இடத்தில் பைண்டிங் கச்சிதமாக விட்டது.

அது ஜனவரி. ஏப்ரலில் அவர் இரண்டு நண்பர்களோடு சியரா மலைக்குப் போனார். வசந்த காலப் பனி காலையில் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் கூழாகிவிடும். முற்பகலில் இறங்கும்போது, வேகம்கூட இல்லாமல், ஒரு திருப்பத்தில் இடது ஸ்கீயின் மூக்கு கூழுக்குள் புதைந்தது. உடம்பு ஒரு பக்கம் சுழன்றது. பைண்டிங் விடவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து வெளியே வந்துவிட்டன. நண்பர்கள் கட்டுப்போட்டு, கூடாரத் துணியைச் சுற்றி, உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். மேகம் இறங்கியதால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மீட்புக் குழு நடந்து வந்து சேர்வதற்கு மறுநாள் ஆகிவிட்டது. அதற்குள் மகேந்திரன் போய்விட்டார்.

செய்தி திங்கட்கிழமை கடைக்கு வந்தது. ராய் கோப்பு அலமாரியைத் திறந்து, மகேந்திரனின் படிவத்தை எடுத்துத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

சில வாரம் கழித்து வெளியிலிருந்து ஒரு நிபுணர் அந்த ஸ்கீயோடு வந்தார். பைண்டிங்கின் முன்புறத்தில் ஒரு கொக்கி உண்டு. ஏறும்போது பூட் கழலாமலிருக்க அதைத் தூக்கி வைப்பார்கள். இறங்கும்போது சிலர் தாழ்த்த மறந்துவிடுவார்கள், அப்படியானால் பைண்டிங் விடவே விடாது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டிக்கொண்டேன். உச்சியில் நண்பர் எடுத்த படத்தில் கொக்கி தாழ்ந்துதான் இருந்தது. மகேந்திரன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பிறகு எங்கள் எந்திரத்திலேயே பூட்டை மாட்டி முறுக்கினார் நிபுணர். நான் ஜனவரியில் வைத்த அதே எண்ணில் விட்டது. படிவத்தில் உள்ள விவரத்துக்கு இது மிகச் சரியான எண் என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலையே மேலிடத்திலிருந்து மேலாளர் போனில் பேசினார். கடை மேல் தவறில்லை, வாடிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது, நாமாக எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டு ராய் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் பேசியது இங்கிலீஷில். எனக்கு அது இன்றுவரை தமிழில்தான் கேட்கிறது.

"மூன்று வாரமாக உன் முகம் சரியில்லை. படிவத்தில் என்ன தப்பு?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் இப்போது இல்லை. வீட்டுக்குக் கடன், பெரியவள் காலேஜில், எனக்கோ அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. இன்னொரு வேலை யார் தருவார்?

"அவருக்கு நாற்பத்தெட்டு இல்லை. ஐம்பத்தொன்று" என்றேன்.

"எப்போது தெரியும் உனக்கு?"

"எழுதுவதற்கு முன்னால்."

ராய் காதில் இருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை உருட்டாமல், தொடாமல், பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஒரு படி குறைத்து வைத்திருந்தால் விட்டிருக்குமா?" என்று நான்தான் கேட்டேன்.

"தெரியாது. உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுது. அவர் சொன்னது, நீ சொன்னது, நீங்கள் சிரித்தது, எல்லாம்."

எழுதினேன். ஒரு பக்கம் முழுவதும், இங்கிலீஷில். ஐப்பசி, தாலுகா ஆபீஸ், மூன்று வருட சர்வீஸ். ராய் தனக்குப் புரியாததை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுத வைத்தார். கீழே நான் கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே அவரும், 'இரண்டாவது சரிபார்ப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளைப் படிவத்தோடு கோப்பில் சேர்த்தார். மேலாளர் குதித்தார். ராய் தாளைத் திரும்ப எடுக்கவில்லை. என் வேலை போகவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியாது.

ராய் அதற்குப் பிறகு இரண்டு வருடம் என் பக்கத்திலேயே வேலை பார்த்தார். அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. ஆனால் வயதை மட்டும் அதற்குப் பின் என்னைக் கேட்க விடவில்லை. நான் எடை, உயரம் எல்லாம் குறித்து முடித்ததும், பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து எழுந்து வந்து, வாடிக்கையாளரிடம் வயதைத் தானே கேட்டு, தன் கையால் எழுதிவிட்டுப் போவார். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கட்டம் என் கைக்கு வந்தது. நம்மவர்கள் யார் வந்தாலும் "ஸ்கூல் வயசா, வீட்டு வயசா?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். நான் சிரிக்க மாட்டேன்.

மகேந்திரனின் மனைவி மாலதியிடமிருந்து போன் வந்தது, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து. வக்கீல் கேட்டு வாங்கிய கோப்பில் என் தாளின் நகல் அவர் கைக்குப் போயிருந்தது. சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வர முடியுமா என்றார். என் மனைவி செல்வி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று தனியாகப் போனேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு கார் ஓட்டினேன்.

வீட்டில் கராஜ் சுவரில் அவருடைய ஓட்டப்பந்தயப் பதக்கங்கள் தொங்கின. சாப்பாட்டு மேஜையில் கோப்பு விரித்திருந்தது. ஹைஸ்கூல் படிக்கிற மகள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். மாலதி காபி கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

"வீட்டுக்கு வந்து சொன்னாருண்ணே. கடையில நம்ம ஊர்ப்பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்காரு, அவரும் ஜூன் ஒண்ணு பார்ட்டிதான்னு. அன்னைக்குப் பூரா அதையே சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரு" என்றார்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஒரு நம்பர் கம்மியா வச்சிருந்தா கழண்டிருக்குமா?"

"தெரியாதும்மா. கழண்டிருக்கலாம். சத்தியமா தெரியாது."

"அம்மா, ஸ்டாப். ப்ளீஸ்" என்றாள் மகள்.

மாலதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கோப்பிலிருந்து என் தாளின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். நகல் மங்கலாக இருந்தது, பாதி வரி தெரியவில்லை.

"உங்கள சண்டை போட வரச் சொல்லலண்ணே. டெத் சர்டிஃபிகேட்ல நாப்பத்தெட்டு. பாஸ்போர்ட்ல, பேங்க்ல, ஆஸ்பத்திரில, எல்லாத்துலயும் அதேதான். எங்களது லவ் மேரேஜ், ஜாதகம்னும் ஒண்ணு கெடையாது. அவங்கம்மாவும் போன வருஷமே போயிட்டாங்க. எங்கூட அவரு இருந்ததுல மூணு வருஷத்தைக் காணாத மாதிரியே இருக்கு. அவருக்குச் சரியான வயசு போட்ட பேப்பர் ஒலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. இது படிக்க முடியல. தமிழ்லயே திரும்ப எழுதிக் குடுப்பீங்களா? இவளுக்கு எடுத்து வைக்கணும்."

மகள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். தராசில் ஏறியது, ஐப்பசி, அவர் அப்பா, நாங்கள் சிரித்தது. எழுதி முடித்ததும் மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடி இல்லண்ணே, நீங்களே படிங்க" என்றார்.

உரக்கப் படித்தேன். கடைசி வரிக்கு வந்தேன்.

"மகேந்திரன். வயது ஐம்பத்தொன்று."

"அம்பத்தொண்ணு" என்று மாலதி திருப்பிச் சொன்னார்.